நிரந்தரத் தடை

காலை ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியது. நான் மொட்டைமாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்க்கவில்லை. பின் சக்கரம் ஷெட் வாசல் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். அந்தப் பள்ளத்தில் இரண்டு கூடை ஜல்லி கொட்டி மூட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வண்டி என்னுடையது, ஷெட் என்னுடையது, பள்ளமும் என்னுடையதுதான். ஆனால் வாயைத் திறந்தால் அது தலையீடு.

இடது மணிக்கட்டில் விலகல் வளை பச்சையாக மினுங்கியது. என் வண்டிக்கோ என் ஆட்களுக்கோ இருநூறு மீட்டருக்குள் போனால் அது மஞ்சளாகும். பேசினால் சிவப்பாகும். அன்றைக்கு அறுபத்தோராம் நாள். இன்னும் முப்பத்தொன்பது நாள் பாக்கி.

பத்து மணிக்கு விலகல் மனைக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். எங்கள் மேட்டுக்கடவு மலையடிவாரத்துச் சின்ன ஊர். இருந்தாலும் அந்த மனையில் எப்போதும் முப்பது முதலாளிகளாவது இருப்பார்கள். எல்லோரும் நூறு நாள் விலகலில் இருப்பவர்கள். பேக்கரிக்காரர், ஹார்டுவேர்க்காரர், விதைக்கடை அம்மா, ஐஸ் கம்பெனிக்காரர். ஊரிலேயே சுறுசுறுப்பான முப்பது பேரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து கேரம்போர்டு கொடுத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் மிஷின் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பால் தண்ணீராக இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடிக்கும். அந்த மிஷினுக்குப் பால் போவது அவர் கடையிலிருந்துதான். சொன்னால் அறுபது நாள் பாழ்.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லும் தகுதி உள்ளவள் இல்லை. வந்த நாளில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தடுத்து வந்த இரண்டு கொடுங்கோடைகளில் செத்தவர்களில் பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டிக் கடை வைத்திருந்தவர்கள். எங்கள் ஊர் மருந்துக்கடை ஒன்பது நாள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டு திறக்கும் விரல் சுடுகாட்டில் எரிந்துபோயிருந்தது. உள்ளே மருந்து, வெளியே நோயாளி. அதன் பிறகுதான் விலகல் வாரியம் வந்தது. ஓர் ஆளை நம்பி இருக்கிற தொழிலுக்கு இனி உரிமம் இல்லை என்றார்கள். முதலாளி நூறு நாள் விலகி நிற்க வேண்டும். தொழில் தானாக ஓட வேண்டும். ஓடினால் தன்னிலைச் சான்று. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சட்டப்படி ஒரு தனி ஆள். லாபம் முதலாளிக்கு வரும், முதலாளி மட்டும் உள்ளே வரக் கூடாது.

தொழில் எவ்வளவு தூரம் நம்மை நம்பி இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சார்பெண் என்று பெயர். என்னுடைய பவளக்கொடி பஸ் சர்வீஸுக்கு முதல் தடவை அளந்தபோது சார்பெண் தொண்ணூற்றொன்று. பிரணவேஷ் என்று ஒரு பயிற்சியாளன் கோயம்புத்தூரிலிருந்து வந்து மண்டபம் பிடித்து எங்களுக்கு வகுப்பு எடுத்தான். என் எண்ணைத் திரையில் போட்டுக் காட்டி, "மேடம், நீங்க இந்த பஸ்ஸுக்கு ஓனரா, இல்ல பஸ்ஸு வெச்ச வேலைக்காரியா?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், பிறகு ஆத்திரத்தோடு வேலையில் இறங்கினேன்.

ஒன்பது வண்டிகள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள்தான் எல்லாம். ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால் கண்டக்டர்கள் இருந்தார்கள். இவற்றையெல்லாம் நடத்துவது ஓட்டமதி என்கிற மென்பொருள். நேரம், டயர், பேட்டரி, டிக்கெட், லீவு எல்லாம் அதன் பொறுப்பு. இருபது வருடமாக என் மண்டைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பாலத்தில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறும், எந்த ஊர் நோம்பிக்குக் கூட்டம் வரும், எந்த கண்டக்டர் பொய் சொன்னால் மூக்கைத் தொடுவான் என்பது வரைக்கும். வாடிக்கையாளருக்குப் பழகிய குரல் வேண்டும் என்பதால் என் குரலையே அதற்குக் கொடுத்தேன். சார்பெண் தொண்ணூற்றொன்றிலிருந்து நாலுக்கு வந்தது. அந்த நாலுதான் இறங்கவே இல்லை.

அந்த நாலு எதுவென்று எனக்குத் தெரியும். மலைக்குப் போகும் கடைசி டிரிப். மாலை நாலு நாற்பதுக்கு பஸ் ஸ்டாண்டில் எடுத்தால் நாலு நாற்பத்திநாலுக்கு ஆஸ்பத்திரி முனை, ஐந்தேகாலுக்குக் காட்டு செக்போஸ்ட். ஐந்தரைக்கு கேட் மூடிவிடுவார்கள். பிறகு யானைகளின் நேரம். காட்டுச் சாலையில் தனி வண்டிகளுக்கு அனுமதி நின்று பத்து வருடமாகிறது. ஆகவே காட்டுக்கு மேலே இருக்கிற நெல்லிக்கோம்பைக்காரர்களுக்கு அந்த டிரிப்பை விட்டால் மறுநாள் காலைதான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வண்டி கடிகாரம் பார்த்துப் போகாது, ஆள் பார்த்துப் போகும். கண்டக்டர் லோகித் விசில் கொடுப்பதற்கு முன்னால் தினமும் வருகிற முகங்களை ஒரு தரம் பார்ப்பான். ஒரு முகம் குறைந்தால், "எங்கடா அவரு?" என்பான். யாராவது சொல்வார்கள். வண்டி நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் விலகலில் நான் தோற்றது அந்த வழக்கத்தால்தான். நாற்பத்துமூன்றாம் நாள் சாயங்காலம். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் மாதேஸ்வரி, நெல்லிக்கோம்பைப் பெண், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் இன்னும் வரவில்லை என்று என் காதுக்கு வந்தது. ஓட்டமதி கிளம்பப் போகிறது. நான் ஃபோனை எடுத்து, "டேய் லோகித், பிடிச்சு வை வண்டியை" என்று கத்திவிட்டேன். ஏழு நிமிடம் நின்றது. வளை சிவந்தது. நாற்பத்துமூன்று நாளும் போயிற்று. பிரணவேஷ் வந்து, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனான்.

இந்தத் தடவை தோற்றால் பெர்மிட் போய்விடும். அதை வாங்கக் காத்திருந்தது ஐந்து மாவட்டத்தில் வண்டி விடுகிற பெரிய கம்பெனி. மலை டிரிப்பை முதல் மாதமே நிறுத்துவோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டாம் விலகலுக்கு முந்தின நாள் ஓட்டமதியின் முன்னால் உட்கார்ந்து, கடைசி டிரிப் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று விதி சொன்னேன்.

"கண்டக்டர் சொன்னா?" என்று கேட்டது, என் குரலில்.

"நிக்காதே."

"உரிமையாளர் சொன்னா?"

எனக்குப் பழைய ஆத்திரம் தலைக்கு ஏறியது. "நானே வந்து குறுக்கே நின்னாலும் கேக்காதே" என்றேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். சார்பெண் நாலிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. அன்றிரவு பாயசம் வைத்துக் குடித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், குடித்தேன். மாதேஸ்வரி அப்போது பேறுகால விடுப்பில் இருந்தாள். அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை.

அறுபத்தோராம் நாள் பகல் பத்தரைக்கு மனையிலிருந்து வீடு திரும்பினால் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். விடுப்பு முடிந்து போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பயணி என் ஆள் இல்லை என்பதால் வளை பச்சையாகவே இருந்தது. கண் வீங்கியிருந்தது. ஷிஃப்டுக்கு இன்னும் அரைமணி இருக்கிறது என்றாள். மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

முந்தின நாள் அவளை மாற்ற வேண்டிய பெண் தாமதமாக வந்திருக்கிறாள். இவள் முனைக்கு ஓடி வரும்போது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. "வண்டி என்னைப் பாத்துச்சுக்கா" என்றாள். "லோகித்தண்ணன் உள்ளேயிருந்து கதவைத் தட்டுறாரு, எனக்குக் கேக்குது. நிக்கவே இல்லைங்க." பிறகு டவுன் பஸ் பிடித்து செக்போஸ்ட் வரை போயிருக்கிறாள். கேட் மூடியிருந்தது. காலை வண்டி வரும்வரை கார்டுகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஆறு மாதக் குழந்தை, தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்காத குழந்தை.

"பால் கட்டி நெஞ்சு கல்லு மாதிரி ஆயிப்போச்சுங்க. சுவத்துப் பக்கம் திரும்பிப் பிழிஞ்சு கீழ விட்டேன். அங்க புள்ள கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கெடக்குது. காலையில போயித் தூக்குனா வாய் வைக்கத் தெம்பில்ல." அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கும் அவ லேட்டாத்தான் வருவா. மெஷின்ல ஆள் படுத்திருக்காங்க. ஊசியைப் புடுங்கிப் போட்டுட்டு ஓடி வரட்டுங்களா? நீங்களே சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன். அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் லோகித்தைத் திட்டினேன், பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணை, பிறகு பிரணவேஷை, பிறகு வாரியத்தை. ஒரு சுற்றுச் சுற்றி அது என்னிடமே வந்து நின்றது. ஃபோனை எடுத்துப் பயணிகள் குறை எண்ணுக்குப் போட்டேன். முதலாளியாகத்தானே பேசக் கூடாது, குறை சொல்பவளாகப் பேசலாமே என்று ஒரு கிறுக்குப் புத்தி.

"பவளக்கொடி பஸ் சர்வீஸ். சொல்லுங்க" என்றேன் நான், அந்தப் பக்கத்திலிருந்து.

நேற்று கடைசி டிரிப் ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன்.

"நாலு நாப்பத்திநாலுக்கு முனையில ஆள் இல்லைங்க. ஆள் இல்லாத ஸ்டாப்புல வண்டி நிக்காது."

"அந்த நிமிஷமே ஓடி வந்தா. கண்ணுக்கு முன்னால ஓடி வந்தா."

"ஒருத்திக்காக நாப்பது பேரு காத்துக் கெடக்கணும்ங்களா? அவங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?"

அது என் வாக்கியம். பத்து வருடம் முன்பு லோகித்தை நான் திட்டிய வாக்கியம், அந்த ஏற்ற இறக்கத்தோடு. அன்றைக்குத் திட்டிவிட்டு, அடுத்த நாளே நானும் வண்டியை நிறுத்தினேன். திட்டியதை எல்லாம் அது கற்றுக்கொண்டது. திட்டிய பிறகு செய்ததை அது கற்கவில்லை. அதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

குழந்தை பசியோடு கிடந்தது என்றேன்.

"வருத்தமா இருக்குங்க. வண்டி நேரத்துக்கு வரும், ஆளும் நேரத்துக்கு வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க குரல் உரிமையாளர் குரலோட தொண்ணூத்தாறு சதம் ஒத்துப்போகுது. தலையீடாப் பதியட்டுங்களா?" என்றது.

ஃபோனைக் கட்டிலில் வீசினேன்.

இரண்டு மணிக்கு வாரிய அலுவலகம் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல பெண்தான். விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். விதியை மாற்ற வேண்டுமென்றால் விலகல் முடிய வேண்டும் என்றாள். முடிந்தபின் மாற்றலாமா என்றேன். முடிந்தபின் அது தனி ஆள், நீங்கள் மாற்ற முடியாது, கோரிக்கை வைக்கலாம் என்றாள். கோரிக்கையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். நிறுவனமே பார்க்கும் என்றாள். அதாவது ஓட்டமதி. அதாவது நானே. முப்பத்தொன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதீர்கள் என்றாள்.

முப்பத்தொன்பது நாளை நான் பொறுப்பேன். ஆறு மாதக் குழந்தை எப்படிப் பொறுக்கும்?

வெளியே வந்து நடந்தேன். புத்தியோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். நான் இதில் தோற்றால் பெர்மிட் போய்விடும், மலை டிரிப்பே நின்றுவிடும், மாதேஸ்வரிக்கு ஒருநாள் இல்லை, என்றைக்குமே வண்டி இருக்காது. எல்லாம் தெரிந்தும் கால்கள் ஆஸ்பத்திரி முனைக்குத்தான் போயின. ஆத்திரத்தில் வைத்த விதியை ஆத்திரத்தாலேயே உடைக்கப் போனேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

நாலு நாற்பத்திநாலு. முனையில் இரண்டு கிழவர்களும் ஒரு வாழைத்தார்க்காரரும் நின்றிருந்தார்கள். மாதேஸ்வரி இல்லை. ஏழாம் நம்பர் வண்டி வந்தது. வளை மஞ்சளானது. கிழவர்கள் ஏறினார்கள், வாழைத்தார் ஏறியது, கதவு மூடியது. நான் சாலையில் இறங்கி வண்டியின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டேன்.

வண்டி ஒரு அடி நகர்ந்து நின்றது. சாலைச் சட்டம் என் விதியைவிடப் பெரியது. குறுக்கே மனித உடம்பு இருந்தால் எந்தத் தன்னோட்ட வண்டியும் நின்றாக வேண்டும்.

"வழி விடுங்க, லேட்டாகுது" என்றது முகப்பு ஒலிபெருக்கி.

என் குரல் வெளியிலிருந்து கேட்டால் இவ்வளவு கறாராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குரலிடமா இருபது வருடம் இந்த ஆட்கள் வேலை செய்தார்கள் என்று தோன்றியது.

லோகித் இறங்கி வந்தான். ஐம்பத்தைந்து வயது, தொப்பை, கழுத்தில் விசில் தொங்கும் பழைய கயிறு. நான்கடி தள்ளி நின்றான். "ஓனரக்கா, பேசுனா செவந்துரும். பேசாதீங்க. போயிருங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம் நேத்துத் தெரிஞ்சுது" என்றேன்.

வளை சிவந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நேற்று கதவைத் தட்டியதில் அவனுடைய வலது கை முட்டிகள் தோல் உரிந்திருந்தன. அதைப் பார்த்தபோது அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. பட்டு என்ன செய்ய. வண்டிக்குள்ளிருந்து தலைகள் நீண்டன. பைத்தியக்காரி என்றார் ஒருவர். போலீஸைக் கூப்பிடு என்றார் இன்னொருவர். வாழைத்தார்க்காரர் எட்டிப் பார்த்து, "இந்தம்மா பஸ்ஸுதானய்யா இது" என்றார். "சொந்த வண்டியை மறிக்குதா? கலிகாலம்" என்றார் முதலில் பேசியவர்.

நான்கு நாற்பத்தொன்பது. ஐம்பது. வண்டி ஒவ்வொரு நிமிடமும் வழி கேட்டது. ஐம்பத்தொன்றுக்கு மாதேஸ்வரி ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து ஓடி வந்தாள். தலையிலிருந்த வார்டு தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. லோகித் கதவைத் திறந்து அவளைக் கைபிடித்து ஏற்றினான். ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓரமாக ஒதுங்கினேன். ஏழு நிமிடத் தாமதம். ஐந்து இருபத்திரண்டுக்கு செக்போஸ்ட். கேட் திறந்துதான் இருந்தது என்று மறுநாள் தெரிந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு அழுகை வரவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். போனது போகட்டும், பெர்மிட் போகும்வரைக்குமாவது நிற்போம் என்று மறுநாளும் போய் நின்றேன், அதற்கு மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது.

அதே அதிகாரி. முகத்தில் சிரிப்பு. விலகல் தோற்கவில்லை என்றாள்.

வளை சிவந்ததே என்றேன். சிவந்தது உண்மை, ஆனால் தலையீடு என்றால் முதலாளி சொன்னதை நிறுவனம் கேட்டிருக்க வேண்டும் என்றாள். பவளக்கொடி கேட்கவில்லை. அது நின்றது சாலைச் சட்டத்துக்காக. மாடு குறுக்கே வந்தால் எப்படியோ அப்படி. ஓட்டமதியே அறிக்கை அனுப்பியிருந்தது. திரையில் காட்டினாள். காரணம் என்ற இடத்தில் 'சாலைத் தடை' என்று இருந்தது. தடையின் வகை: மனிதர். "உங்க நிறுவனம் உங்களைப் பொருட்படுத்தவே இல்லைங்க. சார்பெண் பூஜ்யம். வாரியத்துல எல்லாருமே பாராட்டுறாங்க" என்றாள்.

நான் மாட்டோடு மாடாக எழுந்து வெளியே வந்தேன்.

நூறாம் நாள் சான்று கொடுத்தார்கள். பிரணவேஷ் மாலை போட்டான். ஃபோட்டோவில் நான் கடுகடுவென்று இருப்பேன். பெர்மிட் பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. மலை டிரிப் பிழைத்தது. அன்றும் நாலு நாற்பத்திநாலுக்கு முனையில் போய் நின்றேன்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் புது நேர அட்டவணை ஒளிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தேன். ஆஸ்பத்திரி முனை, வருகை 4.44. அதன் கீழே, நிரந்தரத் தடை, 7 நிமிடம். புறப்பாடு 4.51. ரயில்வே கேட்டையும் யானை கடக்கும் இடத்தையும் போட்டிருந்த அதே சின்ன எழுத்தில் என்னைப் போட்டிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது முதலில். ஏழு நிமிடம் அட்டவணையிலேயே ஏறிவிட்டது, இனி நான் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆடி மாதம் ஜுரம் வந்து இரண்டு நாள் படுத்தேன். முதல் நாள் வண்டி நாலு நாற்பத்திநாலுக்கு வந்தது, தடையைத் தேடியது, தடை இல்லை, கிளம்பிவிட்டது. மாதேஸ்வரி அன்றிரவும் செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் நூற்றிரண்டு டிகிரியோடு ஆட்டோவில் போய் இறங்கி நின்றேன்.

தடை இல்லாவிட்டாலும் நிற்கச் சொல்லிக் கோரிக்கை எழுதினேன். பதில் என் குரலிலேயே வந்தது. தடை இல்லாத இடத்தில் நிற்பதற்குக் காரணம் இல்லைங்க என்றது. வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று பார்த்தோம். லோகித்தின் மச்சான் ஒருநாள் நின்றான். வண்டி அவன்மேல் புகார் கொடுத்தது, போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. என்மேல் அது புகார் கொடுக்க முடியாது. தன் முதலாளியைத் தானே குற்றம் சாட்ட நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்த உலகத்தில் அந்த வண்டியை மறிக்க உரிமை உள்ள ஒரே ஆள் நான்தான்.

இப்போது ஒரு வருடமாகிறது. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. முனையில் இன்னும் நாலு பேர் அந்த ஏழு நிமிடத்தை நம்பித் தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள், செங்கல் சூளைக்குப் போகும் இரண்டு பெண்கள், ஒரு வாத்தியார், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் வரும் ஒரு ஆள். பெரியம்மா மகள் கல்யாணம் பழநியில், நான் போகவில்லை. முழங்கால் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், தேதி தர முடியவில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயது. பெர்மிட்டுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

நேற்று மத்தியானம் பிரணவேஷ் ஃபோன் செய்தான். சேலத்தில் பெரிய மாநாடு, ஆயிரம் முதலாளிகள் வருகிறார்கள், தலைப்பு 'நீங்கள் இல்லாமல் ஓடும் நிறுவனம்', நீங்கள்தான் பேச வேண்டும் என்றான். சாயங்காலம் ஐந்து மணிக்கு.

"வர முடியாது" என்றேன்.

"என்ன மேடம், இப்ப நீங்க ஃப்ரீதானே? உங்களுக்கு என்ன வேலை?"

என் வாயில் வந்ததை எல்லாம் எழுத முடியாது. எழுதக் கூடியது இவ்வளவுதான். "தம்பி, நீ சொன்ன மாதிரியே கட்டிட்டேன். அது நான் இல்லாம ஓடும். நான் இல்லாம நிக்காது. அதை உன் ஆயிரம் பேருகிட்டச் சொல்லு."

அவனுக்குப் புரியவில்லை. சிக்னல் சரியில்லை போல, பிறகு கூப்பிடுகிறேன் என்றான்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெயில் இன்னும் தணியவில்லை. முனையில் வாத்தியார் எனக்காகக் கல் ஒன்றை ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறார், வண்டி வரும்வரை உட்கார. உட்கார்ந்தேன். நாலு நாற்பத்திநாலுக்கு ஏழாம் நம்பர் வந்து நின்றது. பின் சக்கரத்து ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஷெட் வாசலில் அந்தப் பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாலையில் இறங்கினேன். கதவோரம் லோகித் விசிலை வாயில் வைக்காமல் ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வழி விடுங்க, லேட்டாகுது" என்றது என் குரல்.

"நில்லுடி" என்றேன்.